செவ்வாய்க்கிழமை எரியும் குப்பை

அசுமினோ
ஆகஸ்ட் 20, 2005

ஹிசாயோவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நமக்குள் முறை என்ன வேண்டிக்கிடக்கிறது? போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

அம்மா போன பிறகு வந்த முதல் ஓபோன் இது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கும் நாலு நாள். அதில் மூன்றாம் நாளே, ஊரும் உறவும் விளக்கு வைக்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, உன் அண்ணி சுமியேவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அவள் காலையிலிருந்து பொரித்துவைத்த மஞ்ஜு பலகாரம் தட்டில் அப்படியே இருந்தது. யாருக்கும் எடுத்து வாயில் போட மனசு வரவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது வழியனுப்பும் நெருப்பை நான் ஒருத்தனாகவே வைத்தேன். வாசலில் பூர்ச்ச மரப்பட்டையைக் குவித்துக் கொளுத்தினேன். அதோடு அம்மாவின் சாமான்கள் சிலவற்றையும் போட்டேன். நன்றாகப் பிடித்து எரியும் நேரத்தில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. குதித்து இறங்கியவர்கள் யார் தெரியுமா? என் ஆட்கள். இந்த வட்டாரத்தின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு நான்தான் தலைவன் என்பது உனக்கு மறந்திருக்கும். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "தலைவரே, தண்ணி அடிக்கவா, வேணாமா?" என்று என்னையே கேட்டார்கள். பின்னாலேயே போலீஸ் வந்தது.

வீட்டுக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது, ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயில்லை. அந்த அறிவிப்பைச் சுற்றறிக்கைப் பலகையில் செருகி வீடு வீடாக அனுப்பியதே நான்தான். சிறைவரைக்கும் போகலாம் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டதும் நான்தான். விலக்கும் உண்டு. வயல்காரன் வைக்கோலை எரிக்கலாம். நான் ஆப்பிள் மரத்தில் கழித்த கிளைகளை எரிக்கலாம். சடங்குக்கும் ஊர் வழக்கத்துக்கும் எரிக்கலாம். வழியனுப்பும் நெருப்பு அதில் வரும். ஆனால் தெராஷிமா என்ற அந்த அதிகாரி குச்சியை வைத்துச் சாம்பலைக் கிளறினார்.

"மொமோசே சார், மரப்பட்டைக்கு இவ்வளவு கறுப்புப் புகையா? இது மெத்தை உறை. பிளாஸ்டிக்."

"எங்கம்மா மெத்தை சார். அவங்களோட சேத்து அனுப்பிவச்சேன்."

"சடங்குன்னா சடங்கு, குப்பைன்னா குப்பை. ரெண்டுல எதுன்னு வீட்டு ஆளுங்க எல்லார்கிட்டயும் கேட்டுத்தான் எழுத முடியும்."

உன்னிடமும் கேட்பார். 'எங்கள் வீட்டில் இறந்தவரின் சாமானை அந்த நெருப்பில் போடுவது வழக்கம்' என்று எழுதிக் கொடு. அது போதும், என்னை எச்சரித்து விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் வழக்கு, தண்டனை, ஊரில் தலைகாட்ட முடியாது. தீயணைப்புத் தலைவன் குப்பை எரித்துப் பிடிபட்டான் என்று சொல்வார்கள்.

இன்னொன்று. யார் கூப்பிட்டார்கள் என்று சொல்ல மறுக்கிறார்கள். பெண் குரல் என்று மட்டும் ஒருத்தன் வாய்தவறிச் சொன்னான். நீ அன்றைக்கு நேராகக் கோபேக்குத்தான் போனாயா? இல்லை, பக்கத்து மட்சுமோட்டோவில் தங்கி வேடிக்கை பார்த்தாயா?

உன் நீளக்கை கிமோனோவும் அந்த நெருப்பில்தான் போயிற்று. நீ சொன்னபடிதான் செய்தேன்.

குனியாகி


கோபே
ஆகஸ்ட் 24

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கை முதலில் எழுதி, கிமோனோவைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிள் மரத்துக் கிளைக்குக்கூட அதற்கு முன்னால் இடம் கிடைத்திருக்கிறது.

நான் எங்கும் தங்கி வேடிக்கை பார்க்கவில்லை. அன்றைக்கு இங்கே பள்ளிச் சமையலறையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு அண்டாவை அனுப்பவா? போலீஸைக் கூப்பிடும் ஆள் நானாக இருந்தால் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பே கூப்பிட்டிருப்பேன். இருபது வயது நிறைந்தவர்களுக்கு ஊரில் எடுக்கும் விழாவுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது, லாரிக்காரனைக் காதலித்தாள் என்று ஒரு பெண்ணைப் பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார் அப்பா. அதற்குச் சட்டத்தில் ஏதாவது இருந்ததா என்று தெராஷிமா சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். அப்பா சொன்னதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். "இந்த வாசல்ல அவ பேரு இனிமே இருக்கக்கூடாது." நீங்கள்தான் மறுநாள் வாசல் பலகையில் என் பெயரைச் சுரண்டி எடுத்தீர்கள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கிமோனோவை அந்த விழாவுக்கென்று அம்மா தறிக்காரரிடம் சொல்லி நெய்யவைத்தாள். வெளிர்நீலத்தில் நாரைகள். நான் அதை ஒரு தடவைகூடக் கட்டவில்லை. பதினைந்தாம் தேதி பீரோவைத் திறந்தபோது அதன் கழுத்துப்பட்டை முழுக்கக் கறை, கையில் கறை, வியர்வை நாற்றம். யாரோ கட்டி, கட்டி, துவைக்காமல் மடித்துவைத்திருக்கிறார்கள். அண்ணியைத் தவிர அந்த வீட்டில் வேறு பெண் யார்? பேரன் எடுக்கும் வயதில் கல்யாணமாகாத பெண்கள் கட்டுவதைக் கட்டிப் பார்த்தாளே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கேட்டேன். ஊர் முன்னால் கேட்டது தப்பு என்றால் தப்புதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் பேசவில்லை.

வழக்கம் என்று எழுதித் தரச்சொல்கிறீர்கள். நம் வீட்டு வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். மரப்பட்டை, செத்தவர்கள் ஏறிவர வெள்ளரிக்காய்க் குதிரை, திரும்பிப்போகக் கத்தரிக்காய் மாடு. அம்மா ஒரு காகிதத்தைக்கூட அதில் போடவிடமாட்டாள். "செத்தவங்க இந்த வெளிச்சத்துலதான் வழி பாத்துப் போறாங்க, அதுல கண்டதையும் போடாதே" என்பாள். நான் பொய் எழுத வேண்டுமா?

பக்கத்து வீட்டு முகாயாமா பெரியவர் தோட்டத்தில் சருகு எரித்ததற்கு நீங்கள் போய், அவர் கையாலேயே தண்ணீர் ஊற்றி அணைக்கவைத்ததை அம்மா போனில் சொல்லி வருத்தப்பட்டாள். எண்பது வயது மனிதர் வாளி தூக்கினாராம். அவர் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறாரா?

ஹிசாயோ


அசுமினோ
ஆகஸ்ட் 29

ஹிசாயோவுக்கு,

முகாயாமா சிரிக்கவில்லை. தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, "என்ன மொமோசே, தூங்கினியா?" என்று கேட்கிறார். அவர் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சொல்லக்கூடாது என்று சுமியே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கடிதம் வந்தபிறகு அந்தச் சத்தியத்தைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய?

அம்மாவுக்குப் புத்தி தடுமாறியது உனக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. நீ போனில் பேசும்போதெல்லாம் சுமியே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுப்பாள். முகாயாமா கதைகூட அப்படி வந்ததுதான். கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு நான் யாரென்று தெரியாது. வெளியாள் என்று என்னைப் பார்த்துக் கும்பிடுவாள். சுமியேவை மட்டும் தெரியும், ஆனால் சுமியேவாக அல்ல. "ஹிசாயோ, வந்துட்டியா?" என்பாள்.

சாப்பிட மறுத்தாள். கரண்டியைத் தட்டிவிடுவாள். "விழாவுக்கு நேரமாச்சு, இன்னும் கிமோனோ கட்டாம நிக்கறியே. கட்டிட்டு வா. உன்னைக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் சாப்பிடுவேன்." ஒன்றும் இறங்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஒரு சாயங்காலம் சுமியே பீரோவைத் திறந்து அதை எடுத்துக் கட்டிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள். அம்மா அன்றைக்குக் கிண்ணம் காலியாகக் கஞ்சி குடித்தாள்.

அப்புறம் தினமும் அதே கதை. கட்டினால் மட்டும் போதாது. "வெறும் வயித்தோட போவியா? நீயும் சாப்பிடு" என்று நடுங்குகிற கையால் ஊட்டுவாள். பாதி வாய்க்கு, பாதி கழுத்துக்கு. நீ பார்த்த கறை அதுதான். பட்டுத்துணியைத் துவைத்தால் சுருங்கிவிடும், சலவைக்கு அனுப்பினால் மறுநாள் அம்மா பட்டினி. அப்படியே மடித்து வைப்பாள்.

ஐம்பது வயதுப் பெண் நீளக்கையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, உன் பெயருக்கு, "வந்துட்டேம்மா" என்று பதில் சொல்வாள். என்னால் அந்த அறையில் நிற்க முடியாது. தோட்டத்துக்குப் போய்விடுவேன். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். அம்மா ஒரு தடவைகூட அவளைச் சுமியே என்று கூப்பிட்டுவிட்டுச் சாகவில்லை. சாகும்போதும் உன்னைத்தான் கூப்பிட்டாள். அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. உன்னை வரவேண்டாம் என்று சொல்ல யார் இருந்தார்கள்? ரோஷம் பார்த்துக்கொண்டு கோபேயில் உட்கார்ந்திருந்தாய். உன் பங்குக்கும் சேர்த்து அந்த எச்சிலை அவள்தான் உண்டாள்.

அவளைத்தான் நீ விருந்தாளிகள் முன்னால் கேட்டாய். "என்ன அண்ணி, ரெண்டாங்கல்யாணத்துக்கு ஒத்திகையா?" அதற்கப்புறம் வாசலில் நின்று கத்தினாய். "எனக்கு இந்தக் குப்பை வேணாம், தூக்கிக் குப்பையில போடுங்க!"

போட்டேன். நீ குப்பை என்றாய், நான் எரித்தேன். அந்த மெத்தை, அந்தப் பிளாஸ்டிக் உறை, அந்த நாற்றம், அந்த நாரைகள், ஒன்றும் என் கண்ணில் படக்கூடாது என்று தோன்றியது. சட்டம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அம்மா போகிற வழிக்கு வெளிச்சம் என்று நினைத்தேனா, எல்லாம் ஒழியட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. இரண்டும்தான்.

தெராஷிமா செப்டம்பர் முதல் வாரத்தில் உன்னைக் கூப்பிடுவார். இஷ்டப்பட்டதைச் சொல்.

குனியாகி


கோபே
செப்டம்பர் 4

அண்ணா,

சாவு வீட்டிலாவது சொல்லியிருக்கலாமே. பிப்ரவரியில் வந்தேன், மூன்று நாள் இருந்தேன். அண்ணி எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், படுக்கை விரித்தாள். நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "அம்மா கஷ்டப்படாமத்தான் போனாங்க" என்றாள். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறீர்கள் இரண்டு பேரும். என் ரோஷத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அம்மா என்னைக் கேட்டுப் பட்டினி கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அண்டாவைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வந்திருப்பேன். வந்து நின்றால், என்னைப் பார்த்து 'நீ யார்' என்று அம்மா கேட்டிருப்பாளோ? அதற்குப் பயந்துதான் சொல்லவில்லையா?

இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்து உட்காரும்போது அம்மா என்ன சொல்வாள்? அழகாக இருக்கிறது என்பாளா?

தெராஷிமா சார் பேசினார். மரியாதையான குரல். "உங்க வீட்டுல இறந்தவங்க சாமானை அந்த நெருப்புல போடுற வழக்கம் உண்டாம்மா? உண்டுன்னா உண்டு, இல்லேன்னா இல்லைன்னு எழுதி அனுப்புங்க." ஒருநாள் யோசிக்கட்டுமா என்று கேட்டேன். அவருக்கு என்ன, சரி என்றார்.

உண்டு என்று எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். மெத்தையும் கிமோனோவும் குடும்பத்தார் எல்லாருடைய சம்மதத்தோடும் அம்மாவுக்காக அனுப்பப்பட்டவை என்று எழுதினேன். முத்திரையும் வைத்தேன்.

உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தலைவர் பதவி போனால் எனக்கொன்றும் சோறு இறங்காமல் போகாது. நான் இல்லை என்று எழுதினால் சட்டப்படி அது குப்பை ஆகிவிடும். அம்மா ஊட்டிய கஞ்சி இருந்தது அதில். அண்ணி என் பெயருக்குப் பதில் சொன்னது இருந்தது. கோபத்தில் நான் வாயால் சொன்னது காற்றோடு போகட்டும், அரசாங்கக் காகிதத்தில் அது குப்பை என்று இருக்கக்கூடாது. அதற்காக எழுதினேன். ஆயுசில் நான் முத்திரை வைத்துச் சொன்ன ஒரே பொய்.

அண்ணியிடம் கொடுக்கத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அண்ணி' என்பதற்குமேல் கை ஓடவில்லை.

ஹிசாயோ


அசுமினோ
செப்டம்பர் 5

ஹிசாயோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இனி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

தீயணைப்புக்குப் போன் செய்தது சுமியே.

நேற்று முன்தினம் அவளே சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் செய்தது நீயா முகாயாமாவின் மருமகளா என்று வழக்கம்போலப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள். "அவங்களை ஏன் திட்டறீங்க? நான்தான் கூப்பிட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா அதைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். எரிக்கிறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சன்னல் வழியாப் பாத்தேன், கைப்பக்கம் பிடிச்சு எரியுது. ஓடிவந்து அணைக்கச் சொன்னா நீங்க கேப்பீங்களா? இந்த ஊருல தீயை அணைக்கச் சொல்ற ஆளே நீங்கதானே. வேற யாரைக் கூப்பிடுவேன்? அணைக்கத்தாங்க கூப்பிட்டேன். உங்களைப் பிடிச்சுக்கொடுக்க இல்ல."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். மறுநாள் காலையில் சுவாவில் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். திரும்பி வருவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று காலை தெராஷிமாவிடம் போனேன். என் மனைவிதான் கூப்பிட்டது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். "சார், இது சடங்குன்னு முடிவானா, ஒண்ணுமில்லாததுக்குத் தீன்னு கூப்பிட்டவங்க யாருன்னு ஒரு கேள்வி வரும். இல்லாத ஆபத்தை அரசாங்கத்துக்குச் சொல்றதும் சின்னக் குற்றம்தான். நாங்க அவங்க மேல ஒண்ணும் போடமாட்டோம். ஆனா ஊரு பேசும்."

ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். மாமியாரை வழியனுப்பும் நெருப்பில் தண்ணீர் அடிக்கச் சொன்ன மருமகள் என்று சாகும்வரை பேசும். உன் வாயிலிருந்து கேட்டது போதாதா அவளுக்கு?

குப்பை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய துணி, பழைய படுக்கை, தேவையில்லாததால் எரித்தேன். தெரிந்தே செய்தேன். என் மனைவி கூப்பிட்டது நியாயம். இவ்வளவுதான் எழுதினேன். தலைவர் பதவியை ராஜினாமா செய்து, குழுவின் நீலக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கு நடக்கும், தண்டனை வரும். வரட்டும்.

உனக்கு இனித் தொந்தரவு இல்லை. பொய் எழுத வேண்டியதும் இல்லை.

குனியாகி


கோபே
செப்டம்பர் 8

அண்ணா,

என் கடிதம் கிடைத்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. எதிரெதிர் ரயிலில் போனாலும் சன்னல் வழியாக முகமாவது தெரியும். நமக்கு அதுவும் இல்லை.

பழைய துணி. தேவையில்லாததால் எரித்தேன்.

நீங்கள் செய்தது சரி என்று மண்டைக்குத் தெரிகிறது. அண்ணியைக் காப்பாற்ற முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறீர்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து. திறந்த வாயால் என் நாரைகளைப் பழைய துணி என்று சொல்லவேண்டி வந்தது, அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒருத்திக்கு நியாயம் கிடைக்கவேண்டுமென்றால் இன்னொருத்தியின் சாமானைத்தான் எடுத்துக் கொடுப்பீர்கள். அப்பா காலத்திலிருந்து அதுதான் நம் வீட்டு வழக்கம். அதை வேண்டுமானால் மனசார முத்திரை வைத்து எழுதித் தருவேன்.

இப்போது ஒரே வழக்கில் அண்ணன் குப்பை என்கிறான், தங்கை சடங்கு என்கிறாள். தெராஷிமா சார் என்னைப் பொய் சொன்னவள் என்று பிடிப்பாரா? பிடிக்கட்டும். நான் மாற்றி எழுத மாட்டேன்.

ஹிசாயோ


அசுமினோ
செப்டம்பர் 14

ஹிசாயோவுக்கு,

உன்னைப் பிடிக்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தெராஷிமா கூப்பிட்டனுப்பினார். இரண்டு காகிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது சார்?" என்றார். என்னுடையதைத் தொட்டேன். "அப்ப தங்கச்சி ஏன் இப்படி முத்திரை வச்சு எழுதினாங்க? தெரிஞ்சே எழுதினாங்களா?"

நான் சொன்னேன். "அது முப்பத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல இல்லீங்க. எங்க வீட்டு வழக்கம் அதுக்குத் தெரியாது. ஏதோ நல்லதுன்னு நெனச்சு எழுதிடுச்சு." அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். உன் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டார். உனக்கு இனி ஒன்றும் வராது.

அம்மா என்ன சொல்வாள் என்று நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. நான்தான் தோட்டத்துக்குப் போய்விடுவேனே. சுமியேவிடம் போனில் கேட்டேன். சொன்னாள். "அழகா இருக்குன்னெல்லாம் சொல்லமாட்டாங்க. கழுத்துப்பட்டையைச் சரிபண்ணிவிடுவாங்க. வெளியில பனியா இருக்கு, செருப்பைப் பாத்துப் போட்டுக்கிட்டுப் போன்னு சொல்லுவாங்க."

அவள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள். வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள், பேச்சு அதிகம் இல்லை.

இப்போது ஒரு சின்னத் தொல்லை. சாட்சிக்கு எடுத்துப்போன சாம்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் கொட்டலாம் என்று பார்த்தேன். கூடாதாம். குப்பை என்று பதிவாகிவிட்டது, பிளாஸ்டிக்கும் கலந்திருக்கிறது, சொந்த மண்ணில் புதைத்தாலும் அது இன்னொரு குற்றம். கல்லறைக்கும் கொண்டுபோக முடியாது. வரும் செவ்வாய்க்கிழமை, நகராட்சி வண்டி எடுத்துப்போகும் எரியும் குப்பையோடு பையில் கட்டி வைக்கவேண்டும். வைத்துவிட்டதாகத் தகவலும் சொல்லவேண்டும்.

இந்த ஊரில் பையின்மேல் வீட்டு ஆள் ஒருத்தர் பெயர் எழுதாவிட்டால் வண்டிக்காரன் எடுக்கமாட்டான், உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பெயரை எழுதக் கை வரவில்லை. சுமியேவைக் கேட்டேன். "அத்தை அதைப் பாத்து என் பேரையா கூப்பிட்டாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பை கூடத்தில் இருக்கிறது.

குனியாகி


கோபே
செப்டம்பர் 17

அண்ணா,

செவ்வாய்க்கிழமைக்குள் வந்து சேரவேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

வழக்கம் தெரியாதவள் என்று எழுதிக் கொடுத்தீர்களாம். என்னைக் காப்பாற்றத்தான், புரிகிறது. அப்பா கதவைச் சாத்தி வெளியே வைத்தார், நீங்கள் கையெழுத்துப் போட்டு வெளியே வைத்திருக்கிறீர்கள். பனி இல்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தச் செருப்பு விஷயத்தைக் கேட்டுச் சொன்னதற்கு நன்றி. அந்த நன்றியை அண்ணியிடமும் சொல்லுங்கள். 'அண்ணி' என்று எழுதிய காகிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. என்றைக்காவது முடியும்.

பையில் என் பெயரை எழுதுங்கள். என் வீட்டுக்காரர் பெயரோடு சேர்த்து வேண்டாம். மொமோசே ஹிசாயோ என்று, நான் போகாத அந்த விழாவுக்கு அழைப்பு வந்தபோது இருந்த பெயரை, தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டு ஆள் பெயர்தானே வேண்டும்? வண்டிக்காரன் கேட்டால் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லுங்கள். போலீஸிடம் சொல்ல முடியாமல் போனதைக் குப்பை வண்டிக்காரனிடமாவது சொல்லுங்கள்.

குப்பை வைக்கும் இடம் நம் வாசல் மதிலை ஒட்டித்தான் இன்னும் இருக்கிறது, ஆகஸ்டில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வையுங்கள். வண்டி வரும் வரைக்கும் அந்த வாசலில் என் பெயர் இருக்கட்டும்.

ஹிசாயோ